தெரபி வீட்டுக்கு வர வேண்டும்: வளர்ச்சித் தாமதமும் முதல் சில ஆண்டுகளும்

குழந்தை எந்த மாதத்தில் நடக்க வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் "ஒரு வயசுல" என்று பதில் வரும். உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட கணக்கு அவ்வளவு கறாராக இல்லை. பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள். தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள். பத்து மாதத்தில் நடந்த பிள்ளையும் இயல்புதான், பதினேழு மாதத்தில் நடந்த பிள்ளையும் இயல்புதான். "கொஞ்சம் பொறும்மா, இவன் அப்பனும் லேட்டாத்தான் நடந்தான்" என்று சொல்லும் பாட்டியை விவரம் தெரியாதவர் என்று தள்ளிவிட முடியாது. பல வீடுகளில் அவர் சொன்னபடிதான் நடக்கிறது.

அதே பேச்சு பதினெட்டு மாதம் தாண்டியும் தொடர்வதுதான் சிக்கல். அதைவிடப் பெரிய சிக்கல், மாதக் கணக்கை மட்டுமே பார்த்துக்கொண்டு மற்ற அறிகுறிகளை விட்டுவிடுவது. ஒரு வயது ஆவதற்குள் குழந்தை எதை எடுத்தாலும் ஒரே கையால்தான் எடுக்கிறது, மற்ற கை மூடியே இருக்கிறது என்றால் "வலது கைப் பழக்கம் இப்பவே வந்துடுச்சு" என்று சந்தோஷப்படக் கூடாது. வலதா இடதா என்ற பழக்கம் அந்த வயதில் உறுதிப்படுவதில்லை. அந்த மூடிய கை, மூளைப் பாதிப்பால் உடலசைவு கெடும் மூளை முடக்குவாதத்தின் முதல் அறிகுறியாக இருக்கலாம். துணி மாற்றும்போது கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் போல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விறைத்துக்கொள்வது, இரண்டு மாதம் தாண்டியும் முகம் பார்த்துச் சிரிக்காதது, நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்காதது, ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, ஒன்றரை வயதிலும் விரல் நீட்டி "அதோ" என்று காட்டாதது, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாதது என்று கவனிக்க வேண்டியவை பல. இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் அது வெறும் தாமதமாக இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் காத்திருப்பதற்கு நியாயமில்லை. வந்த திறமை போய்விட்டால், அதாவது "அம்மா, தாத்தா" என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை அதை நிறுத்திவிட்டால், அன்றைக்கே கிளம்ப வேண்டும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கணக்கு வேறு. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்து இப்போது எட்டு மாதமாகும் குழந்தையை ஆறு மாதக் குழந்தையோடுதான் ஒப்பிட வேண்டும். இரண்டு வயது வரை இப்படிக் கழித்துப் பார்ப்பதுதான் மருத்துவர்களின் வழக்கம். இது தெரியாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு வீணாகக் கவலைப்படுகிறவர்கள் உண்டு. "குறைமாசம், அப்படித்தான் இருக்கும்" என்று மூன்று வயது வரை சும்மா இருப்பவர்களும் உண்டு.

இந்தத் துறையில் இருப்பவர்கள் எப்போதும் சொல்வது: எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வாஸ்தவம்தான். ஆனால் "சீக்கிரம்" என்பதற்கு எல்லாக் குறைபாட்டிலும் ஒரே பொருள் இல்லை. சிலவற்றில் கெடு நாள் கணக்கில் இருக்கிறது, தவறினால் போனது போனதுதான். சிலவற்றில் கெடு என்று ஒன்று கிடையாது. நீண்ட, அலுப்பூட்டும் உழைப்புதான் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் முதல் வகையில் தாமதமும் இரண்டாம் வகையில் தேவையில்லாத பீதியும் வருகின்றன.

முதல் வகைக்குத் தைராய்டு நல்ல எடுத்துக்காட்டு. பிறவியிலேயே தைராய்டு சுரப்பு குறைந்த குழந்தையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதிகம் அழாத, நன்றாகத் தூங்கும் சமத்துப் பிள்ளையாகவே தோன்றும். பிறந்த சில நாட்களில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து, இரண்டு வாரத்துக்குள் மலிவான ஒரு மாத்திரையை ஆரம்பித்துவிட்டால் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே படித்து வளரும். பல மாதங்கள் கழித்துக் கண்டுபிடித்தால் அறிவு வளர்ச்சியில் ஏற்பட்ட இழப்பை எந்தத் தெரபியாலும் முழுமையாக ஈடுகட்ட முடியாது.

குறைமாதக் குழந்தையின் விழித்திரைப் பாதிப்பும் அப்படித்தான். நம் நாட்டு வழிகாட்டுதலின்படி 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைந்த எடையிலோ பிறந்த குழந்தைக்கு, பிறந்து 30 நாளுக்குள் கண் மருத்துவர் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு அதற்கும் முன்பே. இன்குபேட்டரிலிருந்து பிள்ளை பிழைத்து வந்த நிம்மதியில், டிஸ்சார்ஜ் சீட்டின் அடியில் எழுதியிருக்கும் அந்த ஒற்றை வரியைத் தவறவிட்டுப் பார்வை போன குழந்தைகள் இருக்கிறார்கள். லேசர் செய்ய வேண்டிய கட்டத்தை எட்டிவிட்டால் கையில் இருப்பது இரண்டு மூன்று நாள்தான்.

காதுக்கு ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் காது கேட்கும் கருவியும் பயிற்சியும் என்று ஒரு கணக்கு உலக அளவில் இருக்கிறது. பேச்சு வராத எந்தப் பிள்ளைக்கும் முதலில் செய்ய வேண்டியது செவித்திறன் பரிசோதனை. ஆட்டிசமா, வேறா என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். "தட்டைத் தட்டினா திரும்புறானே" என்பது பரிசோதனை ஆகாது. கனத்த சத்தம் கேட்டு மெல்லிய ஒலிகள் கேட்காத குழந்தைகள் உண்டு. சத்தத்துக்கு அல்லாமல் அசைவைப் பார்த்துத் திரும்புகிறவையும் உண்டு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளாண்ட், அதாவது உள்காதில் கேட்கும் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை இலவசமாகச் செய்யப்படுகிறது. பெரிய விஷயம்தான். ஆனால் அந்தக் கருவி சத்தத்தைத்தான் தரும், மொழியைத் தராது. அறுவை முடிந்த பிறகு கேட்கவும் பேசவும் பழக்கும் பயிற்சியைப் பல மாதங்கள் விடாமல் செய்யாவிட்டால் அத்தனை செலவும் காதோரம் மாட்டிய பொருளாகவே நின்றுவிடும்.

வளைந்த பாதத்தோடு பிறக்கும் குழந்தைக்கு வாரம் ஒரு மாவுக்கட்டு என்று சில வாரங்களில் பாதத்தை நேராக்கும் பொன்செட்டி முறை இருக்கிறது. பெரும்பாலும் அதற்குப் பெரிய அறுவை தேவைப்படாது. பிறகு நான்கு வயது வரை இரவில் ஒரு விசேஷக் காலணி. பாதி வீடுகளில் அந்தக் காலணிதான் முதலில் கைவிடப்படும், ஏனென்றால் பிள்ளை அழும். பாதம் மறுபடி வளைவதும் பெரும்பாலும் அதனால்தான்.

இரண்டாம் வகையில் வருபவை மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு. இவற்றுக்கு மாத்திரை இல்லை, ஒரே நாளில் முடியும் சிகிச்சையும் இல்லை. மூன்று வயதில் மூளையின் கதவு மூடிவிடும் என்று பயமுறுத்தும் விளம்பரங்கள் பொய். இளம் மூளை வேகமாகக் கற்கும் என்பது உண்மை, ஆறு வயதிலும் பத்து வயதிலும் கற்கும் என்பதும் உண்மை. இங்கே சீக்கிரம் தொடங்குவதால் வரும் லாபம் வேறு விதமானது. கையை விறைப்பாக வைத்தே பழகிய தசை சுருங்கிப்போவதைத் தடுக்கலாம். வேண்டியதைக் கேட்கத் தெரியாமல் தலையை முட்டிக்கொள்ளும் பழக்கம் ஊன்றுவதற்கு முன்பே கேட்க ஒரு வழியைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். வீட்டில் உள்ளவர்கள் அந்தப் பிள்ளையைப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொள்ளலாம். மூன்றாவதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன், காரணம் ஒரு சின்னக் கணக்கு.

வாரம் இரண்டு முறை, முறைக்கு 45 நிமிடம் தெரபி என்பது நகரத்திலேயே நல்ல ஏற்பாடு. வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். இரண்டு வயதுப் பிள்ளை வாரத்தில் ஏறக்குறைய 80 மணி நேரம் விழித்திருக்கும். மிச்சமுள்ள 78 மணி நேரத்துக்கு மேல் அந்தப் பிள்ளை இருக்குமிடம் சமையலறை வாசல், திண்ணை, அம்மாவின் இடுப்பு, தாத்தாவின் ஈஸி சேர். தெரபிஸ்ட் ஒன்றரை மணி நேரத்தில் செய்வதை வீடு 78 மணி நேரத்தில் செய்யாமல் விட்டால், அல்லது அதற்கு நேர்மாறாகச் செய்தால், எதுவும் நிலைக்காது.

வீட்டில் செய்வது என்றால் பயிற்சி அறையை வீட்டுக்குள் கொண்டுவருவது இல்லை. கால்கள் விறைத்துக் குறுக்கே போகும் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் இடுப்பில் கால்களை அகட்டி உட்கார வைத்துத் தூக்குகிறோமே, அதுவே அந்தத் தொடைத் தசைகளுக்கு நல்ல நீட்சி. பிசியோதெரபிஸ்ட் முதலில் சொல்வதே அதுதான்: தோளில் சாய்த்து, கால்கள் ஒட்டியபடி தூக்காதீர்கள், இடுப்பில் வையுங்கள். உட்கார வராத பிள்ளையைச் சுவரின் மூலையில், இரண்டு சுவரும் முதுகைத் தாங்கும்படி உட்கார வைத்து, முன்னால் ஒரு கவிழ்த்த அண்டாவையோ முக்காலியையோ வைத்தால் கை ஊன்ற இடம் கிடைக்கும். அதன்மேல் ஒரு கிண்ணம் பொரி வைத்தால் ஒவ்வொரு பொரிக்கும் கை நீளும், முதுகு நிமிரும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே இதைப் பார்த்துக்கொள்ளலாம். படுக்க வைத்து ஊட்டக் கூடாது. விழுங்குவதில் சிரமம் உள்ள பிள்ளைக்கு உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் சளி, நிமோனியா என்று திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடும். நாள் முழுக்கத் தூளியிலேயே கிடக்கும் பிள்ளைக்குத் தரையில் புரளும் வாய்ப்பு போய்விடுகிறது. தூங்கத் தூளி, விழித்தால் பாய். அப்புறம் நம் பழைய மர நடைவண்டி. எழுந்து நிற்கும் நிலைக்கு வந்த பிள்ளை பிடித்துத் தள்ளிக்கொண்டு போவதற்கு அது நல்ல கருவி. உள்ளே உட்கார வைத்து உருட்டும் பிளாஸ்டிக் வாக்கர் வேண்டவே வேண்டாம். விபத்துகள் காரணமாக கனடா 2004இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. இங்கே பிறந்தநாள் பரிசாக இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

பேச்சும் பழக்கமும் தாமதமான பிள்ளைக்கு வேறு மாதிரி. பிஸ்கட்டை மூடி இறுக்கமான கண்ணாடி டப்பாவில் போட்டு, பிள்ளைக்குத் தெரியும்படி, கைக்கு எட்டும்படி வைத்துவிடுங்கள். அது டப்பாவை எடுக்கும், திறக்க முடியாது. இப்போது நீங்கள் முந்திக்கொண்டு திறந்து கொடுக்கக் கூடாது. அதன் கண் மட்டத்துக்குக் குனிந்து, சும்மா, ஐந்து விநாடி காத்திருங்கள். டப்பாவை உங்கள் கையில் திணிக்கலாம், முகத்தைப் பார்க்கலாம், "தா" என்று ஒரு சத்தம் வரலாம். எது வந்தாலும் அது கேட்டதாகக் கணக்கு. "தெற, தெறக்கணுமா, இந்தா" என்று சொல்லித் திறந்து ஒரே ஒரு பிஸ்கட் கொடுங்கள். முழு டப்பாவையும் கொடுத்துவிட்டால் அன்றைய பாடம் அதோடு சரி. பாசமுள்ள வீடுகளில் இதில் இருக்கும் கஷ்டம் அந்த ஐந்து விநாடிதான். பிள்ளை வாய் திறக்கும் முன்பே நான்கு பேர் நான்கு பக்கமிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

இப்படிப் பெற்றோர் வழியாகச் செய்வது எடுபடுமா என்பதைப் பரிசோதித்தும் இருக்கிறார்கள். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. அதில் பயிற்சி கொடுத்தவர்கள் ஸ்பெஷலிஸ்டுகள் இல்லை, குறுகிய காலப் பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள். அவர்கள் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், பெற்றோர் பிள்ளையோடு விளையாடினார்கள். பிள்ளையின் கவனம் போகும் வழியிலேயே போய்ப் பேசும் பழக்கம் பெற்றோரிடம் கூடியது, பிள்ளை தானாக முன்வந்து தொடர்புகொள்வதும் கூடியது. ஆட்டிசம் மறைந்துவிடவில்லை, அப்படி யாரும் சொல்லவும் இல்லை. ஆனால் பட்டம் பெற்ற தெரபிஸ்டுகள் எண்ணிக்கை இவ்வளவு குறைவாக உள்ள நம் பகுதிக்கு இந்த முடிவு மிகவும் பொருந்துகிறது.

எத்தனை பிள்ளைகளுக்கு இந்த உதவி தேவை? இந்தியாவில் 5 இடங்களில் 2 முதல் 9 வயதுக் குழந்தைகளைப் பரிசோதித்து 2018இல் வெளியிட்ட ஒரு பெரிய ஆய்வு, ஏறத்தாழ எட்டில் ஒரு குழந்தைக்கு நரம்பு வளர்ச்சி சார்ந்த ஏதாவது ஒரு குறைபாடு இருப்பதாகக் கண்டது. கேட்புக் குறை, பார்வைக் குறை, வலிப்பு எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ஒவ்வொரு அங்கன்வாடியிலும் இரண்டு மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அரசுத் தரப்பில் இதற்கான ஏற்பாடு இல்லாமல் இல்லை. 2013 பிப்ரவரியில் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரை பிறவிக் குறைகள், சத்துக் குறைவுகள், நோய்கள், வளர்ச்சித் தாமதங்கள் என நான்கு பிரிவில் 30 வகைப் பாதிப்புகளைக் கண்டறிய வேண்டும் என்கிறது. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் போக வேண்டும். கண்டறிந்த பிள்ளைகளை அனுப்ப மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரியிலோ ஒரு தொடக்கநிலை இடையீட்டு மையம், சுருக்கமாக டி.இ.ஐ.சி. திட்டத்தின்படி அங்கே குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், கண் பரிசோதகர், சிறப்புக் கல்வியாளர், சமூகப் பணியாளர் என எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். எல்லாம் இலவசம்.

காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. பேருந்தில் ஏறிப் பார்த்தால்தான் தெரியும். மலையடிவாரக் கிராமத்திலிருந்து மாவட்டத் தலைநகருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கழுத்து நிற்காத மூன்று வயதுப் பிள்ளையை மடியில் வைத்து, ஒரு பையில் மாற்றுத் துணியும் கஞ்சியும் எடுத்துக்கொண்டு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அம்மா போகிறார். ஓ.பி. சீட்டு, வரிசை, அப்புறம் அரை மணி நேரப் பயிற்சி. "அடுத்த வாரம் வாங்க." மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ வருவது நின்றுபோகும். பதிவேட்டில் "தொடர் வருகை இல்லை" என்று ஒரு வரி. அந்த வரிக்குப் பின்னால் அக்கறையில்லாத தாயைத் தேடுகிறவர்கள் ஒரு முறை அந்தப் பஸ்ஸில் போய் வர வேண்டும்.

கண்டறிவதிலும் ஓர் ஓட்டை. தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. ஆனால் அங்கே வந்து உட்காருவது இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகள். அதற்குக் கீழே உள்ளவை எடை போடவும் சத்துமாவு வாங்கவும்தான் வரும். பயிற்சி அதிகம் பலன் தரும் வயதில் அவற்றைத் தவறாமல் பார்க்கும் ஒரே இடம் தடுப்பூசி நாள்: 6, 10, 14 வாரங்கள், 9 மாதம், அப்புறம் 16 மாதத்துக்கு மேல் பூஸ்டர். இவை வளர்ச்சிப் படிகளைக் கேட்பதற்கும் பொருத்தமான வயதுகள். 9 மாத ஊசிக்கு வரும்போது "பிடிக்காம உக்காருதா, சத்தத்துக்குத் திரும்புதா, ரெண்டு கையாலயும் எடுக்குதா" என்று மூன்று கேள்வி, பூஸ்டருக்கு வரும்போது "தனியா நடக்குதா, விரல் நீட்டிக் காட்டுதா, பேர் சொன்னா பாக்குதா" என்று மூன்று கேள்வி. கிராம சுகாதார செவிலியருக்கு இரண்டு நிமிடம் போதும். பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் இரண்டு வயது வரைக்கும் 17 கேள்விகளில் முடியும் ஒரு அட்டவணையை எப்போதோ தயாரித்துவிட்டது. ஓர் அட்டையில் கோடு இழுத்துப் பார்த்தால் போதும், எங்கே பின்தங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

வீட்டுக்குப் போகும் வழியைத் தமிழ்நாட்டில் நடத்திக் காட்டியவர்களும் இருக்கிறார்கள். சென்னை தியாகராய நகரில் 1989 முதல் இயங்கும் மதுரம் நாராயணன் மையத்தில் பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் வழக்கம் கிடையாது. அம்மாவோ வீட்டில் இன்னொருவரோ கூடவே உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். அங்கே உருவான உபநயன் பயிற்சி முறை இரண்டு வயதுக்குட்பட்ட வளர்ச்சியை உடலசைவு, தன்வேலை, மொழி, அறிதல், பழகுதல் என ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 50 என்று 250 படிகளாக அடுக்குகிறது. "பிள்ளை எப்போ நார்மல் ஆகும்" என்ற பதில் இல்லாத கேள்வியை விட்டுவிட்டு "இந்த மாசம் எந்தப் படி" என்று கேட்க வைப்பது எத்தனை பெரிய நிம்மதி என்பது அதில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. அவர்கள் கிராமத்து ஆட்களையே பயிற்றுவித்து மறுவாழ்வுப் பணியாளர்களாக வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். பிசியோ, பேச்சு, சிறப்புக் கல்வி நிபுணர்கள் அவர்களுக்குப் பின்னால் நின்று வழிகாட்டுகிறார்கள். ஒவ்வொரு பிள்ளையின் முன்னேற்றமும் ஒரு செயலியில் பதிவாகிறது. பணியாளர் அந்த வீட்டு முக்காலியையும் அந்த வீட்டுச் சுவர் மூலையையும் பார்த்துச் சொல்லிக்கொடுப்பதால், ஆஸ்பத்திரியில் காட்டிய பயிற்சி வீட்டில் மறந்துபோகும் பிரச்சினை குறைகிறது. பெரிய நகர மருத்துவமனைகளைவிட இந்த ஏற்பாட்டிடமிருந்துதான் அரசு கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்பது என் எண்ணம்.

சட்டமும் இங்கே கொஞ்சம் கைவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாடுகளின் பட்டியலை 7இலிருந்து 21 ஆக்கியது, ஆட்டிசத்தைச் சேர்த்தது, பாதிப்பு வாய்ப்புள்ள குழந்தைகளைக் கண்டறிய ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசோதனை வேண்டும் என்றது. இலவசக் கல்விக்கான உரிமையை 6 முதல் 18 வயது வரைக்கும்தான் தருகிறது. முதல் ஆறு வருடத்துக்குப் பரிசோதனை உண்டு, பயிற்சி இத்தனை நாளுக்குள் கிடைத்தாக வேண்டும் என்ற கெடு இல்லை. அமெரிக்காவில் 1986இல் வந்த சட்டம் பிறப்பு முதல் மூன்று வயது வரைக்கான சேவையைத் தனியாக ஏற்படுத்தியது. பரிந்துரை வந்த 45 நாளுக்குள் மதிப்பீடு முடிந்து, குடும்பத்தோடு உட்கார்ந்து திட்டம் போடும் கூட்டம் நடந்தாக வேண்டும். திட்டமே பிள்ளைக்கு மட்டும் இல்லை, குடும்பத்துக்கானது. சேவையும் முடிந்தவரை பிள்ளை இயல்பாக இருக்கும் இடத்தில், அதாவது வீட்டிலோ பகல்நேரக் காப்பகத்திலோ தரப்பட வேண்டும். அங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று இல்லை. ஆனால் நடக்காவிட்டால் கேட்பதற்கு ஒரு தேதி இருக்கிறது.

வீடுதான் இடம் என்று சொல்வதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. நம் ஊரில் "வீடு செய்யட்டும்" என்றால் "அம்மா செய்யட்டும்" என்று பொருள். ஏற்கெனவே "நீ கர்ப்பத்துல ஒழுங்கா சாப்பிடல", "நீ போன் கொடுத்துக் கெடுத்துட்ட" என்று பழி சுமக்கும் அதே அம்மா. போன் பார்த்ததால் ஆட்டிசம் வருவதில்லை. போன் பிள்ளையோடு பேசும் நேரத்தைத் தின்கிறது, அதனால் குறைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்கிறது. ஆனால் காரணம் கற்பிப்பது வேறு. அம்மாவின் தலையில் தெரபிஸ்ட் வேலையையும் சம்பளமில்லாமல் ஏற்றிவிட்டு அதற்குக் குடும்ப மையப் பயிற்சி என்று பெயர் வைப்பது மோசடி. அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை ஒரு தொடக்கம்தான். அதைப் பெறக் குறைபாட்டுச் சான்று வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பல சமயம் "ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம்" என்று மட்டுமே எழுத முடியும், சதவீதம் போடுவதில் மருத்துவர்களுக்குத் தயக்கம் இருக்கும். இதில் அப்பாக்கள் செய்யக்கூடிய வேலைகள் நிறைய. ராத்திரி காலணி மாட்டுவது, குளிப்பாட்டும்போது கால் தசைகளை நீவி நீட்டுவது, ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் டப்பா. பயிற்சிக்கு ஒரு முறையாவது அப்பா கூட வந்த வீட்டில் பயிற்சி நீடிக்கிறது என்று இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

அலைந்து களைத்த பெற்றோரைக் குறிவைத்து ஒரு சந்தையும் வளர்ந்திருக்கிறது. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரிலேயே அதைப் பரிந்துரைக்க முடியாது என்று சொல்லிவிட்டது. பிராணவாயு அறை, கோதுமையும் பாலும் இல்லாத உணவு, ஆறு மாதத்தில் பேச வைக்கும் பேக்கேஜ் எல்லாம் அதே வரிசை. எளிய அடையாளம் ஒன்று உண்டு. "நீங்க வெளியே உக்காருங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்று கதவைச் சாத்தும் இடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் யோசிக்க வேண்டிய இடம். வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் தெளிவாக ஒன்றிரண்டு வேலை சொல்லி, அடுத்த முறை அதைப் பற்றி விசாரிக்கும் இடம் ஒற்றை அறையாக இருந்தாலும் நல்ல இடம்.

சந்தேகம் வந்துவிட்டது, என்ன செய்வது? உங்கள் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. எங்கே என்று கேளுங்கள். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, அங்கே குழந்தைகளுக்கான தொடக்கநிலைப் பயிற்சி மையம் உண்டு. போவதற்குச் சான்றிதழோ அடையாள அட்டையோ தேவையில்லை, அது பிறகு வரும். பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை, எடுத்த பரிசோதனைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தை வெள்ளை கோட்டைப் பார்த்ததும் அழும், அல்லது வீட்டில் செய்யும் எதையும் அங்கே செய்யாது. அதனால் முன்னாலேயே போனில் மூன்று சிறிய வீடியோ எடுத்து வையுங்கள்: சாப்பிடும்போது ஒன்று, தரையில் விளையாடும்போது ஒன்று, முதுகுப் பக்கமிருந்து நீங்கள் பேர் சொல்லிக் கூப்பிடும்போது ஒன்று. ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் போதும், பின்னணியில் டிவியை அணைத்துவிடுங்கள்.